கரி எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது?



போன வருஷம் தாய்மார் கூட்டத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன். மழைக்காலத்தில் துணிப்பெட்டிக்குள் பூஞ்சண நாற்றம் அடித்தால், கொஞ்சம் சிரட்டைக் கரியைத் துணியில் முடிந்து உள்ளே போடுங்கள், நாற்றத்தைக் கரி இழுத்துக்கொள்ளும் என்றேன். பலரும் செய்து பார்த்துவிட்டு "ஐயா சொன்னது சரிதான்" என்றார்கள். எனக்கும் சந்தோஷம். ஆனால் நான் சொன்னது பாதிதான் என்பது மார்கழிக் குளிரில்தான் தெரியவந்தது.

ஒரு லயத்தில் பிள்ளை பெற்று வந்து பத்து நாளான ஒரு மகள். புருஷன் கொழும்பில் வேலை. வெளியே விடாத மழை. வீட்டுக் கிழவியம்மா பழைய தாச்சி ஒன்றில் கனன்ற சிரட்டைக் கரியைப் போட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, கதவையும் ஜன்னலையும் சாத்தி, கதவு இடுக்கில் சாக்கையும் திணித்துவிட்டுப் படுத்துவிட்டார். விறகு என்றால் அப்படி வைத்திருக்க மாட்டார். "கரிதானேங்க, பொகையே வராதே. கெட்ட காத்தயெல்லாம் கரியே இழுத்துக்கிரும்னு ஐயாதானே சொன்னீங்க" என்று பிறகு என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

விடிய, பெரட்டுக்குப் போகக் கூப்பிட வந்த பக்கத்துக் காம்பராப் பெண் தட்டித் தட்டிப் பார்த்து, ஆட்களைக் கூட்டிக் கதவைத் தள்ளித் திறந்திருக்கிறாள். தாய்க்கு நினைவில்லை. கிழவியம்மா வாந்தியெடுத்துக் கிடந்தார். பிள்ளை அழக்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் ஒக்சிசன் கொடுத்து மூவரும் பிழைத்தார்கள். மீதிப் பாதியை எழுத வேண்டிய கடன் எனக்கு அன்றைக்கே வந்துவிட்டது.

முதலில் தேயிலைத் தூளைப் பாருங்கள். தூளைக் கடதாசிப் பையோடு சவர்க்காரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் தேத்தண்ணியில் சவர்க்காரம் மணக்கும். கருவாட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் சொல்லவே வேண்டாம். நம்ம வத்தேகமப் பக்கம் மிளகும் கராம்பும் வீட்டு வாசலிலேயே காய்வதால் இந்தத் தொல்லை இன்னும் கூட. சவர்க்காரம் தூளில் படவேயில்லை. காற்றில் வந்த மணம்தான் தூளில் ஒட்டிக்கொண்டது. ஸ்டோரில் டிரையரிலிருந்து விழும் தூளில் ஈரம் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கும். அப்படிக் காய்ந்து, நுண்ணிய ஓட்டைகள் நிறைந்திருக்கும் பொருள், பக்கத்தில் வருவதையெல்லாம் பிடித்துக்கொள்ளும். சீனாக்காரர் மல்லிகைப்பூவைத் தேயிலையோடு கலந்து வைத்து மணம் ஏற்றுவதும் இந்தக் குணத்தை வைத்துத்தான். மண்ணெண்ணெய் நாறும் கையோடு ஆட்களை டீமேக்கர் பெக்கிங் பக்கம் விடாததற்கும் காரணம் இதுதான். கொழும்பு ஏலத்துக்குத் தூளைச் சுவைத்துப் பார்ப்பவர் ஒரு மடக்கிலேயே கண்டுபிடித்துவிடுவார். பிறகு விலை விழும்.

இப்படி ஒரு வாயு, திண்மப் பொருளின் மேற்பரப்பில் ஒட்டி நிற்பதைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் புறத்துறிஞ்சல் என்கிறார்கள். ஊறப்போட்ட கடலை தண்ணீரைக் குடித்து ஊதுகிறதே, அது அகத்துறிஞ்சல். அங்கே தண்ணீர் உடம்புக்குள்ளேயே போய்விடுகிறது. புறத்துறிஞ்சலில் அப்படியில்லை. சுவரில் பல்லி மாதிரி, வாயு பரப்பைப் பற்றிக்கொண்டு நிற்கும்.

பரப்பு கூடினால் ஒட்டுவதும் கூடும். கரியின் இரகசியம் இதுதான். சிரட்டையில் இருந்த மற்றதெல்லாம் சூட்டில் போய், காபன் கூடு மட்டும் மிஞ்சுகிறது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத அறைக்குள் அறை. தொழிற்சாலையில் அந்தக் கரிக்குள் 900 பாகை அளவு சூட்டில் நீராவியைச் செலுத்தி இன்னும் குடைந்தெடுப்பார்கள். அப்படிச் செய்ததை அக்டிவேட்டட் காபன் என்பார்கள். நல்ல ரகத்தில் ஒரு கிராமுக்குள் சுமார் 1,000 சதுர மீற்றர் பரப்பு இருக்கும். ஒரு ஏக்கர் என்பது 4,000 சதுர மீற்றருக்குக் கொஞ்சம் கூட. ஆகவே நாலு கிராம் கரிக்குள் கிட்டத்தட்ட ஒரு ஏக்கர் மலை மடிந்து கிடக்கிறது! ஒரு கொழுந்துக்கூடை கரிக்குள் எத்தனை ஏக்கர் என்று பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். அடுப்புக்கரியில் இந்தப் பரப்பு எவ்வளவோ குறைவு. துணிப்பெட்டிக்கு அது போதும்.

இலங்கைச் சிரட்டைக்கு இந்தத் தொழிலில் பெரிய பெயர் உண்டு. 1973இல் தொடங்கிய ஹேகார்ப் கம்பனி சிரட்டைக் கரியிலிருந்து அக்டிவேட்டட் காபன் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது. நாம் அடுப்பில் போடும் சிரட்டைதான்.

சரி, கரி எல்லா வாயுவையும் ஒரே மாதிரிப் பிடிக்குமா? இதைத்தான் நான் கூட்டத்தில் சொல்லாமல் விட்டேன். சுவிற்சர்லாந்து விஞ்ஞானி தெ சொசூர் 1814ஆம் ஆண்டளவிலேயே இதை அளந்து பார்த்திருக்கிறார். ஒரு பங்கு மரக்கரி 90 பங்கு அமோனியா வாயுவைப் பிடித்தது. கக்கூசில் மூக்கைத் துளைக்கும் அந்த வாயுதான் அமோனியா. தீக்குச்சி உரசும்போது வரும் கந்தக வாயுவில் 65 பங்கு பிடித்தது. நாம் மூச்சில் விடும் காபனீரொட்சைட்டில் 35 பங்கு. காபனோரொட்சைட்டு என்ற வாயுவிலோ 9 பங்கு சொச்சம்தான்!

காரணம் இது. சுலபமாகத் திரவமாகும் வாயு சுலபமாக ஒட்டும். அமோனியா பூச்சியத்துக்குக் கீழே 33 பாகைக் குளிரிலேயே திரவமாகிவிடும். காபனோரொட்சைட்டுக்குப் பூச்சியத்துக்குக் கீழே 191 பாகை வேண்டும். அது ஓடித்திரியும் சாதி, ஓரிடத்தில் நிற்காது.

அடுத்தது சூடு. குளிர்ந்த பரப்பில் கூட ஒட்டும், சூடேற ஏற விட்டுப் பிரியும். பெட்டியில் போட்ட கரி முடிச்சை மாதம் ஒருமுறை வெயிலில் காயவைக்கச் சொன்னது இதற்காகத்தான். பிடித்த நாற்றத்திலும் ஈரத்திலும் ஒரு பகுதி போய், இடம் காலியாகும். ஈரமும் இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால் நனைந்த கரி அவ்வளவு உதவாது.

இப்போது அந்தத் தாச்சியைப் பாருங்கள். கரி செக்கச் செவேலென்று கனன்றுகொண்டிருக்கிறது. அந்தச் சூட்டில் அது எந்த வாயுவையும் பிடித்து வைத்திருக்க முடியாது. பிடிக்காதது மட்டுமில்லை, காற்றுப் போதாத அறையில் எரியும்போது அதே கரிதான் காபனோரொட்சைட்டை உண்டாக்குகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணும் எரியாது. விறகுப் புகை என்றால் இருமி எழும்பிவிடுவோம். இது எழுப்பாது.

கரியில் ஒட்டாத அந்த வாயு நம்ம இரத்தத்தில் மட்டும் நன்றாக ஒட்டும். இரத்தத்தின் சிவப்புப் பொருளில் இருக்கும் இரும்பை அது ஒக்சிசனை விட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடிக்கிறது. ஒக்சிசனுக்கு ஏற இடமில்லாமல் போகிறது. பின்னேரம் கண்டியிலிருந்து வரும் பஸ்ஸில் எல்லா சீட்டிலும் யாரோ இறங்காமல் உட்கார்ந்துவிட்ட மாதிரி. தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், பிறகு மயக்கம். அறையில் இருக்கிற எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி வந்தால் சளி என்று நினைக்க வேண்டாம். கதவு ஜன்னலைத் திறந்து, எல்லாரையும் வெளியே கொண்டுவந்து, உடனே 1990 இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். தைலம் தேய்த்துக்கொண்டு நேரம் போக்க வேண்டாம். பிள்ளைத்தாய்ச்சிக்கும் கைக்குழந்தைக்கும் ஆபத்து இன்னும் கூட.

இனி மருந்தடிக்கும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. 1915இல் முதலாம் உலக யுத்தத்தில் குளோரின் வாயுவை ஆயுதமாக விட்டபோது, அதே வருஷம் ரஷ்யாவில் செலின்ஸ்கி என்ற விஞ்ஞானி கரி அடைத்த முகமூடியைச் செய்தார். பிறகு அமெரிக்காவில் முகமூடிக் கரிக்காகப் பழக்கொட்டையையும் சிரட்டையையும் தேடிச் சேர்த்தார்கள். உங்கள் மாஸ்க்கில் இருபக்கமும் இருக்கும் டப்பாவுக்குள்ளும் அந்த வகைக் கரிதான். முகத்தில் கட்டும் துணி மருந்துத் துளியை ஓரளவு தடுக்கும், ஆவியைத் தடுக்காது.

டப்பாவிலும் அந்த பஸ் கதைதான். சீட்டு நிறைந்தால் அடுத்த ஆள் நேரே உங்கள் மூக்குக்கு வருவார். மருந்து மணம் மாஸ்க்குக்குள் வந்தால் அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு, காற்றுப் பக்கம் தள்ளிப் போய், டப்பாவை மாற்றக் கேளுங்கள். மணமே இல்லாத மருந்தும் உண்டு, ஆகவே மணம் வரட்டும் என்று காத்திராமல் டப்பாவில் போட்டிருக்கும் காலக்கெடுவையும் பாருங்கள். வேலை முடிந்ததும் மாஸ்க்கை மருந்துக் காம்பராவில் தொங்கவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தொங்கும்போதே கரி மருந்து ஆவியைப் பிடித்து நிறைந்துவிடும். இறுக மூடும் பையில் போட்டு வேறு இடத்தில் வையுங்கள். "கரி முடிச்ச மாதிரி இதயும் வெயில்ல வச்சா சரியாயிருமா ஐயா?" என்று ஒரு தம்பி கேட்டார். ஆகாது. நஞ்சு முழுதாக விட்டுப் போகாது, மிஞ்சியது மூச்சோடு உள்ளே வரலாம். மாஸ்க் ஒக்சிசனைத் தருவதுமில்லை, அதைப் போட்டுக்கொண்டு கிணற்றிலோ மலசலகூடக் குழியிலோ இறங்கிவிட வேண்டாம்.

அந்த வீட்டுக்குப் போன கிழமை போயிருந்தேன். பேத்திக்கு இரண்டு பல் வந்துவிட்டது. கரி முடிச்சு துணிப்பெட்டியில் இன்னும் இருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில், துவாயில் சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தல். "இது எதயும் இழுக்காதுங்களே?" என்று கேட்டுவிட்டு, கிழவியம்மா எனக்குத் தேத்தண்ணி ஊற்றினார். தூளை மூடி இறுகிய டின்னில்தான் வைத்திருந்தார்.