விளிம்பில் என்ன இருக்கிறது?

செப்டம்பர் 30 நெருங்குகையில், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் பகுதிகளிலிருந்து வரும் கடிதங்களில் ஒரே விசாரம்: நடுவில் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டிவிட்டது, முகத்தில் தோல் புற்று என்கிறார்கள், அக்டோபர் பிறந்தால் ஈ.எஸ்.ஐ. அட்டை செல்லாதா? சந்தாப் பிடித்தம்தான் நிற்கும்; ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா கட்டியவருக்கு அதற்குரிய பலன் காலம் ஜனவரி முதல் ஜூன் வரை உண்டாகையால், தேதிக்குப் பயந்து முகத்தைக் கத்திக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

நிதானமாகக் கவனிக்கத்தக்கது, கட்டியை வெட்டியபின் தரும் பரிசோதனை அறிக்கையில் வரும் ஒரு வாசகம்: 'விளிம்புகளில் புற்று இல்லை.' அதன் யதார்த்தப் பொருள், பார்த்த சீவல்களில் காணவில்லை என்பதே. வெட்டியெடுத்த தசையைக் குறுக்குவாட்டில் இடைவெளி விட்டு அறுத்துப் பார்க்கும் வழக்கமான முறையில், விளிம்பில் நூற்றில் ஒரு பங்குகூட நுண்ணோக்கிக்கு வருவதில்லை. லைனில் சில உதிரிகளை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு லாட் முழுவதற்கும் 'ஓகே' முத்திரை குத்துவதை அறிந்த நம் தொழிலாளிக்கு இது விளங்காமற் போகாது.

இக்குறையை 1930களில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஃபிரெடரிக் மோஸ் சாதுரியமாகக் கடந்தார். தசையைக் கிண்ணம்போல் சாய்வாகச் சீவி, திசை தெரிய வர்ணம் தீட்டி, முகத்தின் வரைபடத்தில் குறித்துக்கொண்டு, ஓரங்களை அடித்தளத்தோடு ஒரே மட்டமாகப் படியவைத்து, அந்த மட்டத்திலேயே சீவினால் விளிம்பு முழுவதும் கண்ணுக்கு வருகிறது; புற்று மிஞ்சிய மூலையில் மட்டும் மறுபடி வெட்டுவதால், மூக்கிலும் இமையிலும் நல்ல தோல் வீணாவதில்லை. அன்று துத்தநாகக் குளோரைடுப் பசை தடவித் தசையை இறுக வைத்தார்கள். இன்று உறையவைத்துச் சீவுகிறார்கள்.

நம் நாட்டில் இம்முறையில் தேர்ந்தவர்கள் சொற்பம். அது கிடைக்காவிட்டாலும், பேசல் செல் எனும் வகைத் தோல் புற்றில் சிறிய, எல்லை தெளிந்த கட்டியைச் சுற்றி 4 மில்லிமீட்டர் விட்டு வெட்டுவது பெரும்பாலும் போதும். ஆயினும் பக்கத்துத் தோலைத் திருப்பிவைத்து மூடுவதாயின், அறிக்கை வரும்வரை பொறுக்கும்படி வைத்தியரைக் கேட்பது உசிதம். மிச்சமிருந்தால் திருப்பிய தோலின் கீழ் எங்கே என்று பின்னர் தேடுவது கஷ்டம்.

வலிக்குமா? மரத்துப்போகும் ஊசிதான், மயக்கம் அபூர்வம்.

பரவுமா? பேசல் செல் மிக அரிதாக. உதடு, காதில் வரும் ஸ்குவாமஸ் செல் எனும் மற்றொரு வகைப் புற்று கழுத்து நெறிக்கட்டிக்குப் போகலாம்.

அட்டையே இல்லையென்றால்? காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனை 1969 முதல் இருக்கிறது.

கான்ட்ராக்டர் சந்தா கட்டவில்லையா? முதன்மை முதலாளியே பொறுப்பு. கேட்டில் வேறுவிதமாகச் சொல்வார்கள்.