தெளிகுரல் (மெட்டல் இசை)

தெளிகுரல் என்பது ஹெவி மெட்டல், கடும் ராக் ஆகிய இசை வகைகளில் உறுமலோ அலறலோ இன்றி, சுருதியும் சொற்களும் தெளிவாகக் கேட்கும்படி பாடும் முறையைக் குறிக்கும். ஆங்கில வழக்கில் இது கிளீன் வோக்கல்ஸ் எனப்படுகிறது. இதற்கு மாறானது கடுங்குரல் ஆகும். தெளிகுரல் என்பதால் அது மென்மையான குரல் என்று கொள்ளலாகாது. மெட்டல் இசையின் மிக உரத்த, மிக உயர்ந்த தாயியில் பாடப்பட்ட பல பாடல்கள் தெளிகுரலைச் சேர்ந்தவையே. ஒரு குரல் பாடும் சுரத்தை இன்னதென்று கேட்பவரால் இனங்காண முடிகின்றதா என்பதே இங்கு அளவுகோல்.

மெட்டல் என்றாலே கூச்சல் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இந்த இசை தோன்றிய முதற் பத்தாண்டில் அதில் உறுமல் என்பதே அநேகமாக இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

பெயரின் தோற்றம்

செல்பேசி வந்த பிறகே வீட்டிலிருந்த தொலைபேசிக்குத் 'தரைவழித் தொலைபேசி' என்ற பெயர் தேவைப்பட்டது. தெளிகுரல் என்ற பெயரும் அவ்வாறு பின்னோக்கி இடப்பட்டதே. 1970களில் பாடியவர்களைப் பாடகர்கள் என்று மட்டுமே அழைத்தனர். 1980களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் பொசெஸ்ட், டெத் முதலிய குழுக்கள் உறுமலை முதன்மைக் குரலாகக் கொண்டு டெத் மெட்டல் என்னும் வகையை உருவாக்கின. 1990களில் உறுமல் ஒரு பெரும் பிரிவின் இயல்பான குரலாகிவிட்டபின், பழைய முறையில் பாடுவோரை வேறுபடுத்திக் காட்ட அடைமொழி ஒன்று தேவையாயிற்று.

ஒலியியல்

தெளிகுரலில் குரல் நாண்கள் சீராக அதிர்கின்றன. ஆகவே அடிப்படை அதிர்வெண்ணும் அதன் முழு எண் மடங்குகளும் ஒழுங்காக ஒலிக்கின்றன. கடுங்குரலில் குரல் நாண்களுக்கு மேலே உள்ள போலிக் குரல் நாண்களும் பிற திசுக்களும் சேர்ந்து ஒழுங்கற்று அதிர்வதால் சுரம் மறைந்து கரகரப்பு மேலோங்குகிறது. இதுவும் பயிற்சி வேண்டும் கலையே. முறையறியாது கத்துவோர் விரைவில் தொண்டையைக் கெடுத்துக்கொள்வர். அமெரிக்கக் குரற்பயிற்சி ஆசிரியர் மெலிசா கிராஸ், தொண்டையைக் காத்துக்கொண்டு அலறுவது எப்படி என்று கற்பிக்கும் நிகழ்படம் ஒன்றை 2005 இல் வெளியிட்டார்.

மெட்டல் இசையில் தெளிகுரலுக்கு இருக்கும் தனிப் பொறுப்பை அறிய கிதாரின் ஒலியை அறிதல் வேண்டும். மின் கிதாரின் ஒலியை மிகைப்பெருக்கித் திரித்து ஒலிக்கச் செய்வதே இவ்விசையின் அடிப்படை. இவ்வாறு திரிந்த ஒலியில் பல சுரங்களை ஒருசேர மீட்டினால், அவற்றின் கூட்டல் கழித்தலால் பிறக்கும் புதிய அதிர்வெண்கள் ஒன்றோடொன்று மோதி ஒலி கலங்கிவிடும். ஆகவே கிதார் கலைஞர்கள் பெரும்பாலும் இரண்டு சுரங்களை மட்டும் மீட்டுகின்றனர். இதைப் பவர் கோர்ட் என்பர். கருநாடக இசை முறைப்படி சொன்னால் அவை சட்சமும் பஞ்சமமும் ஆகும். நம் தம்புராவில் ஒலிப்பவையும் இவையே.

சட்சமும் பஞ்சமமும் மட்டும் ஒலிக்கும்போது இசை மகிழ்ச்சியா சோகமா என்று சொல்ல இயலாது. மேற்கத்திய இசையில் அதை முடிவு செய்வது காந்தாரமே. அந்தர காந்தாரமாயின் மேஜர், சாதாரண காந்தாரமாயின் மைனர். கிதார் விட்டுவைக்கும் இந்த இடத்தைப் பல வேளைகளில் பாடகரின் குரலே நிரப்புகிறது. உறுமும் குரலுக்குத் திட்டமான சுரம் இல்லாததால் அந்தப் பணி கிதாருக்கோ பிற கருவிகளுக்கோ மாறுகிறது. நல்ல தெளிகுரல் பாடகர் ஒருவர் விலகும்போது, கிதார் வாசிப்பு சற்றும் மாறாத நிலையிலும் குழுவின் இசையே வேறாகத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம் எனலாம்.

முன்னோடிகள்

பிரித்தானியக் குழுவான பிளாக் சப்பாத்தின் பாடகர் ஓசி ஓஸ்போர்னின் குரல் வீச்சு பெரியதன்று. 1970 இல் வெளிவந்த 'அயர்ன் மேன்' பாடலில் அவர் கிதாரின் மெட்டையே தன் குரலிலும் பின்தொடர்கிறார். அதனால் இரண்டும் சேர்ந்து ஒரே கருவி போல ஒலிக்கின்றன. 1979 இல் அவர் இடத்திற்கு வந்த ரானி ஜேம்ஸ் டியோ இதற்கு மாறாக, கிதாரின் மெட்டுக்குக் குறுக்கே தனி மெட்டமைத்துப் பாடினார். 1980 இல் வெளிவந்த 'ஹெவன் அண்டு ஹெல்' இசைத்தொகுப்பை அதற்கு முந்தியவற்றோடு ஒப்பிட்டுக் கேட்போர் இவ்வேறுபாட்டை எளிதில் உணரலாம். சிறுவயதில் ஊதுகருவி கற்றதால் வந்த மூச்சுக் கட்டுப்பாடே தன் குரல்வளத்துக்குக் காரணம் என்று டியோ கூறிவந்தார். அவர் 2010 இலும் ஓஸ்போர்ன் 2025 சூலையிலும் காலமாயினர்.

ஜூடாஸ் பிரீஸ்ட் குழுவின் ராப் ஹால்ஃபோர்டு கிதார்களுக்கு மேலே எழும் மிக உயர்ந்த தாயியில் பாடினார். 1981 இல் அயர்ன் மெய்டன் குழுவில் சேர்ந்த புரூஸ் டிக்கின்சன் நாடகத்தன்மை கொண்ட நீண்ட மூச்சுப் பாடலுக்குப் பெயர் பெற்றவர். செருமனியின் ஹெலோவீன் குழுவில் மைக்கேல் கிஸ்கே பாடிய 1987, 1988 ஆம் ஆண்டுத் தொகுப்புகள் பவர் மெட்டல் எனும் வகைக்கு வழிகாட்டின. இன்றைய பவர் மெட்டல் பாடகர்களில் பலர் இவர்களின் நிழலிலேயே நிற்கின்றனர் என்பது மிகையன்று. அவ்வகையில் திறமைக்குக் குறைவில்லை, தனித்தன்மைதான் அரிது.

சுவீடன்: உறுமலிலிருந்து தெளிவுக்கு

தெளிகுரலின் அண்மைக்கால வரலாற்றில் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகருக்குத் தனியிடம் உண்டு. அங்கு டெத் மெட்டல் பாடகர்களாகத் தொடங்கிய இளைஞர்கள் சிலர், உறுமலை அறிந்தவர்களாகவே பாட்டுக்கு வந்தனர்.

கட்டடோனியா குழுவின் யோனாஸ் ரென்க்சே 1993 இல் வெளிவந்த முதல் தொகுப்பில் கடுங்குரலில் பாடினார். பின்னர் தொண்டைச் சிக்கலால் அவரால் அவ்வாறு பாட இயலாது போயிற்று. 1996 இல் வெளியான 'பிரேவ் மர்டர் டே' தொகுப்பின் உறுமல் பகுதிகளை அவருடைய நண்பரும் ஓபெத் குழுவின் பாடகருமான மிக்கேல் ஓக்கெர்ஃபெல்ட் பாடிக் கொடுத்தார். அத்தொகுப்பில் ரென்க்சே தன் இயல்பான குரலில் ஒரு பாடலைப் பாடினார். 1998 இல் வந்த 'டிஸ்கரேஜ்டு ஒன்ஸ்' தொகுப்பிலிருந்து குழுவின் குரலே அதுவாயிற்று. ஓங்கி ஒலிக்காத, அதிகம் அதிராத, தனக்குத்தானே பேசிக்கொள்வது போன்ற குரல் அது. ஹால்ஃபோர்டு, டிக்கின்சன் வழி வந்த வீரக்குரலின் சாயல் அதில் சிறிதும் இல்லை. ஒரு குரல் கெட்டதனால் வேறொரு பாணி பிறந்தது எனலாம்.

ஓக்கெர்ஃபெல்ட்டின் வழி வேறு. அவருக்கு இரண்டு குரலும் கைவந்தவை. 2001 இல் வெளியான 'பிளாக்வாட்டர் பார்க்' தொகுப்பில் ஒரே பாடலுக்குள் ஆழ்ந்த உறுமலும் மென்மையான பாட்டும் மாறிமாறி வருகின்றன. முதன்முறை கேட்போர் இருவர் பாடுவதாகவே எண்ணுவர். அடுத்து ஓபெத் ஒரே காலத்தில் இரண்டு தொகுப்புகளைப் பதிவு செய்தது. கடுமையான 'டெலிவரன்ஸ்' 2002 இலும், உறுமலே இல்லாத 'டாம்னேஷன்' 2003 இலும் வெளிவந்தன. 2011 இன் 'ஹெரிட்டேஜ்' முதல் நான்கு தொகுப்புகளில் அவர் உறுமவே இல்லை. இரசிகர்கள் இரு பிரிவாயினர். இது வளர்ச்சி என்றனர் சிலர். கைவிடுதல் என்றனர் வேறு சிலர். 2024 இல் 'தி லாஸ்ட் வில் அண்டு டெஸ்டமென்ட்' தொகுப்பில் உறுமல் திரும்பி வந்தது. எனினும், 'ஹெரிட்டேஜ்' தொகுப்பைக் கைவிடுதல் என்று கூறியவர்கள் 'டாம்னேஷன்' தொகுப்பை மறந்துவிட்டனர் என்றே தோன்றுகிறது.

இருகுரல் முறை

ஒரே பாடலில் பத்தியை அலறியும் பல்லவியைத் தெளிவாகவும் பாடும் முறை 1990களில் பரவியது. அமெரிக்காவின் ஃபியர் ஃபேக்டரி குழு 1992 இல் வெளியிட்ட முதல் தொகுப்பு இதற்கு முற்பட்ட சான்றுகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. 2000களில் கில்சுவிட்ச் என்கேஜ் முதலிய மெட்டல்கோர் குழுக்கள் இதை ஒரு வாய்பாடாகவே ஆக்கின. எளிதில் மனத்தில் பதியும் பல்லவி இம்முறையின் நன்மை. எந்த இடத்தில் எந்தக் குரல் வரும் என்று முன்னரே தெரிந்துவிடுவது இதன் குறை.

தொண்டையின் விலை

தெளிகுரல் பாடகரின் கருவி அவருடைய உடலே. நரம்பு அறுந்தால் கிதாருக்கு வேறு நரம்பு கட்டலாம். இங்கு அது இயலாது. டிரீம் தியேட்டர் குழுவின் ஜேம்ஸ் லாப்ரி 1994 இறுதியில் உணவு நஞ்சாகிக் கடுமையாக வாந்தி எடுத்ததில் குரல் நாண்களைச் சேதப்படுத்திக்கொண்டார். அதன் விளைவு அவருடைய மேடைப் பாடலில் பல ஆண்டுகள் தெரிந்தது. கில்சுவிட்ச் என்கேஜின் ஜெசி லீச் 2018 இல் குரல் நாண் அறுவை மருத்துவம் செய்துகொண்டார். டிக்கின்சனின் நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய்க் கட்டி கண்டறியப்பட்டது 2015 தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் வெளிவந்த 'தி புக் ஆஃப் சோல்ஸ்' தொகுப்பு அதற்கு முன்பே பதிவு செய்யப்பட்டிருந்தது. சிகிச்சையில் குணமடைந்து 2016 இல் அவர் மீண்டும் மேடையேறினார்.

பாடகிகள்

பின்லாந்தின் நைட்விஷ் குழுவில் 2005 வரை பாடிய தார்யா துருனென் மேற்கத்தியச் செவ்வியல் முறையில் பயின்றவர். ஓபெரா பாடகர்கள் தம் குரலாற்றலின் ஒரு பகுதியை ஏறத்தாழ 3000 எர்ட்சு அதிர்வெண்ணைச் சுற்றிக் குவிப்பதால், ஒலிவாங்கி இன்றியே பெரிய வாத்தியக் குழுவைத் தாண்டிக் கேட்கின்றனர். இதே குவிப்பு கிதார்களின் இரைச்சலிலும் குரல் தனித்துத் தெரிய உதவுகிறது. 2012 முதல் அக்குழுவில் பாடும் நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபுளோர் யான்சென் செவ்வியல், ராக், உறுமல் என எல்லா முறைகளிலும் பாட வல்லவர். கனடாவின் ஸ்பிரிட்பாக்ஸ் குழுவின் கோர்ட்னி லாபிளாண்ட் இருகுரலையும் ஒருவராகவே கையாள்பவர். அவர்களது 2021 ஆம் ஆண்டுத் தொகுப்பான 'எடர்னல் புளூ' இதற்கு நல்ல அறிமுகம்.

அண்மைக்காலத் தெளிகுரல்கள்

சுவீடனின் கோஸ்ட் குழுவின் முகமூடிப் பாடகர் தோபியாஸ் ஃபோர்கேயும் டெத் மெட்டலிலிருந்து வந்தவரே. அவருடைய குரல் உரத்ததன்று. பரப்பிசைப் பாடகர் ஒருவரின் மெல்லிய குரலை ஒத்தது. 2016 இல் இக்குழு 'சிரிச்சே' பாடலுக்குச் சிறந்த மெட்டல் பாடலுக்கான கிராமி விருதைப் பெற்றது. 2025 இல் வெளியான 'ஸ்கெலெட்டா' அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் முதலிடம் பெற்றது.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரைச் சேர்ந்த மாஸ்டடான் குழுவில் மூவர் பாடினர். அவர்களுள் டிரம்ஸ் கலைஞர் பிரான் டெய்லரும் ஒருவர். 2009 இல் வெளிவந்த 'கிராக் த ஸ்கை' தொகுப்பில் இம்மூன்று குரல்களின் வேறுபாட்டைத் தெளிவாகக் கேட்கலாம். மூவருள் ஒருவரான பிரென்ட் ஹைண்ட்ஸ் 2025 இல் குழுவிலிருந்து விலகி, அவ்வாண்டே விபத்தில் இறந்தார். ஆர்கன்சாவின் பால்பேரர் குழு மெதுநடை கொண்ட டூம் மெட்டல் வகையில் துயரம் தோய்ந்த உயர்ந்த குரலைப் பயன்படுத்துகிறது. அவர்களது முதல் தொகுப்பு 2012 இல் வெளிவந்தது.

கடும் ராக்கில் உறுமல் அரிதாதலால் இப்பகுப்பு அங்கு அவ்வளவு தேவைப்படவில்லை. எனினும் ஆல்டர் பிரிட்ஜ் குழுவின் மைல்ஸ் கென்னடி, ஹேல்ஸ்டார்ம் குழுவின் லிசி ஹேல் ஆகியோரைக் குறிப்பிட வேண்டும். ஆலிஸ் இன் செயின்ஸ் குழுவில் லேன் ஸ்டேலி, ஜெர்ரி கான்ட்ரெல் ஆகிய இருவரின் குரல்கள் நெருக்கமான சுர இடைவெளியில் இணைந்து ஒலித்தது இவ்விசையின் மறக்கவியலாத ஒலிகளுள் ஒன்று. ஸ்டேலி 2002 இல் இறந்தார். 2006 முதல் வில்லியம் டுவால் அந்த இணைக்குரலில் பங்கேற்கிறார்.

தேடிக் கேட்டல்

வகைப் பெயரை மட்டும் நம்பித் தேடுவோர் ஏமாற்றம் அடைய நேரும். முற்போக்கு மெட்டல் என்ற ஒரே பெயரின்கீழ் முழுக்கத் தெளிகுரலில் பாடும் டிரீம் தியேட்டரும் உறுமும் ஓபெத்தும் வைக்கப்படுகின்றன. ஒரே குழுவின் இரண்டு தொகுப்புகளும் எதிரெதிராக இருக்கலாம். ஆகவே இசைத்தொகுப்பில் அச்சிடப்பட்டுள்ள கலைஞர் விவரத்தைப் படிப்பது பயன்தரும். யார் தெளிகுரல், யார் கடுங்குரல் என்று பல தொகுப்புகள் பிரித்தே குறிப்பிடுகின்றன. 2002 இல் தொடங்கப்பட்ட மெட்டல் ஆர்க்கைவ்ஸ் என்னும் இணையத் தரவுத்தளமும் உறுப்பினர் விவரங்களைத் தருகிறது. மெட்டல் அல்லாதவை என்று அதன் நடத்துநர்கள் கருதும் குழுக்கள் அதில் இடம்பெறா. கடும் ராக் குழுக்கள் பலவும் இதனால் விடுபட்டுள்ளன.

ஒலிப்பதிவகத்தில் சுருதி திருத்தவும் ஒரே குரலைப் பல அடுக்குகளாகச் சேர்க்கவும் இன்று எளிதில் முடிவதால், ஒரு பாடகரின் உண்மையான குரலை அறிய மேடைப்பதிவுகளைக் கேட்பதே தக்கது.

குழுவை விடுத்துப் பாடகரைப் பின்தொடர்வது மற்றொரு வழி. பிளட்பாத் என்ற சுவீடன் குழு இதற்கு வியப்பான சான்று. 1998 இல் தொடங்கிய இக்குழு உறுமலன்றி வேறறியாத டெத் மெட்டல் குழுவாகும். ஆனால் அதில் உறுமியோருள் ஒருவர் ஓபெத்தின் ஓக்கெர்ஃபெல்ட். 2014 முதல் உறுமுபவர் இங்கிலாந்தின் பாரடைஸ் லாஸ்ட் குழுவில் நெடுங்காலம் தெளிகுரலிலும் பாடிவரும் நிக் ஹோம்ஸ். அங்கு பேஸ் கிதார் வாசிப்பவர் யோனாஸ் ரென்க்சே.