கிணற்றின் அடியிலே கடல்

உலகப் படத்தை விரித்து நோக்கும் எவருக்கும் நீருக்குப் பஞ்சம் உண்டென்று கூறினால் வியப்பே தோன்றும். படத்தின் பெரும்பகுதி நீல நிறமாகவே காட்சியளிக்கின்றது. ஆயின், பூமியிலுள்ள நீர் முழுவதையும் நூறு கலன் எனக் கொண்டு கணக்கிட்டால் அந்த வியப்பு நீங்கும். நூறு கலனில் ஏறக்குறைய தொண்ணூற்றேழரைக் கலன் உவர் நீர். எஞ்சிய இரண்டரைக் கலனில் மூன்றில் இரண்டு பங்கிற்கு மேலானது துருவங்களிலும் உயர்ந்த மலைகளிலும் பனிக்கட்டியாய் உறைந்து கிடப்பது. மிகுதியிற் பெரும்பங்கு நிலத்தின் அடியில் மறைந்துள்ளது. ஆறுகளிலும் நன்னீர் ஏரிகளிலும் உள்ளதோ ஒரு சிறு தேநீர்க் கிண்ணத்தை நிரப்பவும் போதாது.

இச்சிறிதளவு நீரிலும் மனிதன் எடுத்துப் பயன்படுத்துவதிற் பத்தில் ஏழு பங்கு அளவானது பயிர்ச்செய்கைக்கே செலவாகின்றது. குடிப்பதற்கு வேண்டுவது மிகக் குறைவு; ஆனால் அது தூயதாதல் வேண்டும். வீட்டு வளவிலே, வேண்டிய பொழுதிலே, மாசற்ற நீரைப் பெறும் வசதி 2024 ஆம் ஆண்டிலும் உலகில் ஏறக்குறைய 210 கோடி மக்களுக்குக் கிட்டவில்லை என்பது உலக சுகாதார தாபனமும் ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியமும் சேர்ந்து வெளியிட்ட கணக்கு. தூய குடிநீரைப் பெறுதல் மனித உரிமை என்று ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2010 ஆம் ஆண்டு யூலை 28 ஆம் நாள் தீர்மானம் நிறைவேற்றியது. உரிமை ஏட்டில் உண்டு. நீர் குடத்தில் இல்லை. இந்த முரண்பாடு எவ்வாறு உண்டாகின்றது என்பதை அறியத் தூரதேசம் செல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணக் குடாநாடே அதற்குத் தக்க உதாரணமாகும்.

குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் பாயும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு என்று பெயர் பெற்றதும் மாரியிலே மட்டும் ஓடுவது. மலைகளும் இல்லை. வானம் தரும் மழையே அந்நிலத்தின் ஒரே வருவாய். அம்மழையிலும் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி வரையுள்ள வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலே பெய்து தீர்ந்துவிடும். மீதி மாதங்களுக்கு மக்கள் நம்பியிருப்பது கிணற்றையே.

அக்கிணற்றுக்கு நீர் எங்கிருந்து வருகின்றது? குடாநாட்டின் மண்ணுக்கு அடியிலே இருப்பது சுண்ணாம்புப் பாறை. மழைநீர் அப்பாறையைச் சிறிது சிறிதாகக் கரைத்து, வெடிப்புகளையும் துவாரங்களையும் குகைகளையும் உண்டாக்கியிருக்கின்றது. மாரி மழை அவ்வழியே இறங்கிப் பாறையினுள்ளே தங்குகின்றது. ஆனால் அப்பாறை கடலுக்கும் திறந்தே கிடக்கின்றது. மூன்று புறமும் கடலும் நடுவே கடனீரேரிகளும் சூழ்ந்த நிலமாதலின் உவர் நீரும் பாறையினுள்ளே புகுந்து கீழே நிற்கின்றது. நன்னீர் இலேசானது, உவர் நீர் பாரமானது. ஆதலால் நீரின் மேல் எண்ணெய் மிதப்பதைப்போல உவர் நீரின் மேல் நன்னீர் மிதக்கின்றது. நடுவிலே தடித்தும் கரையோரத்தில் மெலிந்தும் அமைந்த வில்லையின் வடிவம் அதற்குண்டு. நிலாவரையிலுள்ள ஆழ்ந்த கேணியிலே மேல் நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பது இவ்வுண்மைக்குக் கண்கண்ட சான்று.

இந்த மிதப்புக்கு ஒரு கணக்கு உண்டு. ஒல்லாந்தரான கைபென் என்பவரும் ஜெர்மனியரான ஹெர்ஸ்பெர்க் என்பவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தனித்தனியே அதனை எடுத்துக் காட்டினர். கிணற்று நீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடிக்கு நன்னீர் இருக்கும். இது மகிழ்ச்சி தரும் கணக்கு. ஆனால் இதனைத் திருப்பிப் பார்த்தால் அச்சமே உண்டாகும். மேல் மட்டம் ஓரடி தாழ்ந்து அந்நிலையிலேயே நிற்குமாயின், அடியிலுள்ள உவர் நீர் காலப்போக்கில் நாற்பதடி மேலெழும். ஒருமுறை உவர் ஏறிய கிணற்றை மீட்பதற்குப் பல மாரிகள் வேண்டும்.

முன்னோர் இக்கணக்கை எழுதி வைத்திலர். எனினும் அதற்கு மாறாக நடந்தாரும் அல்லர். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்திலே மனிதனின் உடல் வலிமையே இறைப்புக்கு எல்லையாயிற்று. ஒருவர் துலாவில் ஏறி இறங்க, மற்றொருவர் பட்டையைப் பிடிக்க, வேறொருவர் பாத்தி கட்டப் புகையிலைத் தோட்டம் நனைந்தது. அவர்கள் இளைப்பாறிய நேரத்திலே கிணறும் ஊறியது. ஊர்தோறும் வெட்டிய குளங்களும் கேணிகளும் மாரி வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தி நிலத்தினுள் இறக்கின.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எண்ணெயால் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. பின்னர் மின்சாரமும் வந்தது. வெங்காயமும் மிளகாயும் செழித்தன. கமக்காரனின் முதுகு நிமிர்ந்தது. அதனைத் தீமையென்று கூறுதல் நன்றியற்ற செயலாகும். ஆனால் இயந்திரத்துக்கு இளைப்பு இல்லை, கிணற்றுக்கோ உண்டு. பலர் ஒரே வேளையில் இறைக்குமிடத்து நீர்மட்டம் விரைந்து தாழ்ந்தது. கரையோரக் கிணறுகளிலே உவர்ச் சுவை தோன்றிற்று. அதே காலத்திலே பல குளங்கள் தூர்ந்தும், நிரப்பப்பட்டும், குப்பை கொட்டும் இடங்களாகியும் போயின. செலவு பெருகியது, வரவு சுருங்கியது.

உவரை நாக்கு அறியும். நாக்கு அறியாத மாசு அதனிலும் கொடியது. பயிருக்கு இடும் இரசாயனப் பசளையில் பயிர் உண்ணாத பங்கு நைத்திரேற்றாக மழையுடன் கீழிறங்குகின்றது. மலசலகூடக் குழிகளிலிருந்து கசியும் கழிவும் அவ்வாறே. வேறு நிலங்களிலே மண் ஓரளவு வடிகட்டியாய் உதவும்; செம்பாட்டு மண்ணும் அதன் கீழுள்ள வெடிப்புற்ற பாறையும் அதிகம் தடுப்பதில்லை. ஒரு லீற்றர் நீரில் 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் இருத்தல் ஆகாது என்பது உலக சுகாதார தாபனத்தின் வரம்பு. குடாநாட்டின் தோட்டப் பகுதிகளிலுள்ள பல கிணறுகள் அவ்வரம்பைத் தாண்டியமை ஆய்வுகளிற் கண்டது. புட்டிப்பால் அருந்தும் பச்சிளங்குழந்தைகளுக்கு இது பேராபத்து. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்க, குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும். இங்கே ஒரு தவறான எண்ணத்தைப் போக்குதல் அவசியம். நீரைக் கொதிக்க வைத்தால் நோய்க்கிருமிகள் மடியும், நைத்திரேற்று மறையாது. நீர் ஆவியாகக் குறைய, அதன் செறிவு கூடவே செய்யும்.

சுன்னாகத்தை அடுத்த ஊர்களிலே கிணற்று நீரில் எண்ணெய் கலந்த செய்தி 2014 ஆம் ஆண்டளவில் மக்களைக் கலங்கச் செய்தது. அவ்வழக்கில் 2019 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடு வழங்குமாறு தீர்ப்பளித்தது. ஓரிடத்தில் நிலத்திலே சிந்தியது ஊரார் பலரின் குடத்துக்கு வந்து சேரும் என்பதை அந்நிகழ்ச்சி தெளிவாக்கியது.

பரிகாரங்களும் எண்ணப்படாமல் இல்லை. பொறியியலாளர் ஆறுமுகம் 1954 ஆம் ஆண்டில் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டத்தை முன்வைத்தார். ஆனையிறவுக் கடனீரேரியைக் கடலினின்றும் பிரித்து, கனகராயன் ஆறு கொண்டுவரும் வெள்ளத்தால் நிரப்பி, அந்நீரை வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடனீரேரிக்கும் அப்பாலும் செலுத்துவது அதன் கருத்து. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன. திட்டமோ முழுமை பெறவில்லை. பின்னர் இரணைமடுக் குளத்து நீரைக் குடாநாட்டுக்குக் குழாய் வழியே கொண்டுவர முயன்றபோது கிளிநொச்சிக் கமக்காரர் தம் வயல் வாடுமென அஞ்சி மறுத்தனர். ஒருவரின் தாகமும் மற்றொருவரின் பசியும் எதிரெதிரே நின்றன. இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. அதன்மேல் கடல்நீரை நன்னீராக்கும் வழி தேர்ந்துகொள்ளப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரவல்ல நிலையம் தாளையடியில் 2024 ஆகஸ்டில் திறந்து வைக்கப்பட்டது.

கடல்நீரை மிகுந்த அழுத்தத்தோடு நுண்ணிய சவ்வுகளினூடே தள்ளும்போது நீர் கடந்து செல்லும், உப்புப் பின்தங்கும். இதற்கு மின்சாரம் ஏராளமாக வேண்டும். மிஞ்சும் கடும் உவர்நீரையும் கடலுக்குத் தீங்கின்றிக் கழித்தல் வேண்டும். ஆகவே அந்நீர் மலிவான நீரன்று. மழை இலவசமாக நிரப்பிச் செல்லும் பாறையைப் பாழாக்கிவிட்டு, பெரும்பொருள் செலவிட்டுக் கடலைக் குடிநீராக்குதல், வீட்டு நெல்லைக் கொட்டிவிட்டு அரிசி விலைக்கு வாங்குதல் போன்றது. புதிய நிலையம் கிணற்றுக்குத் துணையாகலாம், அதற்குப் பதிலாகாது.

கிணற்றைக் காக்கும் முறைகள் அரியவை அல்ல. தூர்ந்த குளங்களைத் திருத்தி மாரி வெள்ளத்தை நிலத்தினுள் இறக்குதல். கூரை நீரைத் தொட்டியிற் சேர்த்தல். பயிருக்கு வேண்டிய அளவே பசளையும் நீரும் இடுதல். மலக்குழிகளை அடியும் பக்கமும் கசியாதவாறு கட்டுதல். கிணற்று நீரைக் காலந்தோறும் பரிசோதித்தல் ஆகிய இவையே அவை. இவற்றுள் எதனையும் ஒரு குடும்பம் தனித்துச் செய்து முழுப்பயன் அடைய இயலாது. வேலி நிலத்தைப் பிரிக்கலாம். நிலத்தடி நீரைப் பிரிப்பதில்லை. அயல்வீட்டான் இறைப்பதும் கழிப்பதும் தன் கிணற்றையே சேரும் என்று ஒவ்வொருவரும் உணருமிடத்து, மாரி தரும் நீர் அடுத்த மாரி வரை நிற்கும்.