கிதார் வாங்குமுன் தோளைக் கேளுங்கள்!

ஜாஸ் வாசிக்க ஆசை. தினமும் மணிக்கணக்கில் பயிற்சியும் செய்கிறீர்கள். ஆனால் வலது தோள் இறுகுது, இடது மணிக்கட்டு வலிக்குதா? கிதாரின் அளவே காரணமாக இருக்கலாம்!

ஜாஸ் என்றதும் பலரும் தேடுவது உள்ளே குடைவான, பெரிய கிதாரைத்தான். 1949-ல் வந்த கிப்சன் இ.எஸ்.175-ன் உடல் 16 அங்குல அகலம். தடிமன் 3 அங்குலத்துக்கும் மேல். ஒல்லியான, குள்ளமான உடல்வாகு என்றால், அதன் மேல் கையைப் போட்டதுமே தோள் மேலே ஏறிக்கொள்ளும். ஏறிய தோளுக்கு ஓய்வேது? வலி வரத்தானே செய்யும்!

பெரிய கிதார்தான் வேண்டும் என்று கட்டாயமில்லை. கனடாவின் ஜாஸ் கலைஞர் எட் பிக்கர்ட், மெல்லிய ஃபெண்டர் டெலிகாஸ்டரிலேயே பெயர் வாங்கினார்.

கடையில் என்ன பார்க்கணும்?

* உட்கார்ந்தும், வாரை மாட்டி நின்றும் பாருங்கள். இடது கையை எடுத்தால் கிதாரின் கழுத்து கீழே சாயக் கூடாது. சாய்ந்தால், அதைத் தாங்கியே கை களைத்துவிடும்.

* ஜாஸ் கார்டுகளுக்கு விரல்களை நன்றாக விரிக்கணும். சின்னக் கையா? 25½ அங்குலத் தந்தி நீளத்தைவிட 24¾ அங்குலம் சுலபம்.

* முன்கையும் வயிறும் படும் இடங்கள் சரிவாகச் சீவியிருந்தால் உறுத்தாது. 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இந்த வசதி உண்டு.

* அவசரப்படாமல் பத்து நிமிடமாவது வாசித்துப் பார்த்து வாங்குங்கள்.

விரல் மரத்துப் போகுதா? 'பழகினா சரியாயிடும்' என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். வாசிப்பதை நிறுத்தி, உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.