கணினியை மாற்றுமுன் கணக்கைப் பாருங்கள்!

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, பாடங்கள் வீட்டுக்கு வந்தன. நம் தோட்டத்து வீடுகள் பலவற்றில் மடிக்கணினி நுழைந்தது அதன் பிறகுதான். மாமன் கொடுத்தது, பட்டணத்தில் இரண்டாங்கையாக வாங்கியது, சீட்டுப் பணத்தில் எடுத்தது என்று வந்த கணினிகள் அவை. இன்று அவற்றுக்கு வயதாகிவிட்டது. "திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வாத்தியாரே" என்று பெற்றோர் குறைபட்டுக் கொள்கிறார்கள். கடைக்குக் கொண்டுபோனால், "ரேம் நிறைந்துவிட்டது, வேறு வாங்குங்கள்" என்ற பதில் வருகிறது.

வாங்கத்தான் வேண்டுமா? பல வேளைகளில் வேண்டியதில்லை. நிறைத்தது யார் என்று பார்க்காமல் காசை எடுத்து நீட்டக்கூடாது. அதைப் பார்ப்பதற்குப் பெரிய படிப்பும் தேவையில்லை.

மேசையும் அலமாரியும்

ரேம் என்னும் நினைவகம், வேலை செய்யும் மேசையைப் போன்றது. படங்களும் பாடங்களும் தங்கியிருக்கும் வட்டு, அலமாரியைப் போன்றது. மேசையில் இடம் போதாதபோது கணினி சாமான்களை அலமாரிக்கும் மேசைக்குமாக மாற்றி மாற்றித் தூக்குகிறது. நாம் காணும் தாமதம் அதுதான். ஆகவே, கல்யாணப் படங்களை அழித்தால் ரேம் காலியாகும் என்று நினைத்து அவற்றை இழந்துவிடாதீர்கள். அலமாரியைக் காலி செய்தால் மேசை பெரிதாகிவிடாது.

காலையில் ஒரு பிரட்டு

தோட்டத்தில் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டால், யார் வந்திருக்கிறார், எந்த வேலைக்குப் போகிறார் என்பது தெரிந்துவிடும். கணினியிலும் அப்படி ஒரு பெயர்ப்பட்டியல் உண்டு. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். சிறிய பெட்டியாகத் தெரிந்தால் கீழே உள்ள ‘மோர் டீடெய்ல்ஸ்’ என்பதைத் தொடுங்கள். ‘மெமரி’ என்ற தலைப்பை ஒருமுறை சொடுக்கினால், அதிக இடம் பிடித்தவர் மேலே வந்து நிற்பார்.

பெரும்பாலும் முதலிடத்தில் இருப்பது, நாமே திறந்து வைத்த இணைய உலாவிதான். இருபது பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு கணினியைக் குறை கூறுவதில் பயனில்லை. அதை மூடிய பிறகும் நிலைமை மாறவில்லை என்றால், நாம் அழைக்காமலே பின்னணியில் வேலை செய்யும் பெயர்களைக் கவனிக்க வேண்டும்.

‘சர்வீஸ் ஹோஸ்ட்’ என்ற பெயர் பல தடவை வரும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். விண்டோஸின் சிறு சிறு பணிகளை ஏற்று நடத்தும் கூடாரம் அது. 2017இல் வந்த விண்டோஸ் 10 திருத்தத்திலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ரேம் உள்ள கணினிகளில் பெரும்பாலான பணிகளுக்குத் தனித்தனிக் கூடாரம் போடப்படுகிறது. எந்தப் பணி இடத்தைத் தின்கிறது என்று அறிய இது வசதிதான். ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்’ என்பது விண்டோஸின் சொந்தக் காவல்காரர். அவர் சோதனை போடும் நேரத்தில் இடம் அதிகம் பிடிப்பார், முடிந்ததும் இறங்கிவிடுவார்.

நோயா, இயல்பா?

4 ஜிபி ரேம் உள்ள கணினியில், எதையும் திறக்காதபோதே பாதி இடம் போய்விடுவது இயல்பு. விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச அளவே 4 ஜிபிதான். மேலும், அடிக்கடி தேவைப்படும் பொருள்களை விண்டோஸ் முன்கூட்டியே மேசையில் எடுத்து வைக்கும். வேறு வேலைக்கு இடம் தேவைப்பட்டால் விட்டுக் கொடுத்துவிடும். இது நோயன்று.

நோய் என்பது வேறு. கல்யாண வீட்டுக்கென்று கோயிலில் பாத்திரம் இரவல் வாங்கியவர் திருப்பித் தராமல், மறுநாளும் வந்து வாங்கிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? கோயிலில் பாத்திரமே மிஞ்சாது. அதுபோல, வாங்கிய இடத்தைத் திருப்பித் தராத நிரல்களும் உண்டு. இதனை நினைவகக் கசிவு என்பார்கள்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. கணினியை ‘ரீஸ்டார்ட்’ செய்து, பத்து நிமிடம் கழித்து ரேம் அளவை ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதுங்கள். வேறு எதையும் திறக்காமல், ஒரு மணிக்கு ஒருமுறை மூன்று தடவை எழுதுங்கள். ஏறி இறங்கினால் இயல்பு. ஏறிக்கொண்டே போனால் கசிவு என்று ஐயப்படலாம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ‘ஷட் டவுன்’ செய்தாலே எல்லாம் துடைக்கப்படும் என்று நாம் எண்ணுகிறோம். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், விரைவாகத் திறப்பதற்காக அமைப்பின் உள்பகுதியை அப்படியே வட்டில் எழுதி வைத்து, மறுநாள் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு பல கணினிகளில் இருக்கிறது. ஆகவே இரவு அணைத்தாலும் நேற்றைய கசிவு இன்றும் தொடரலாம். ‘ரீஸ்டார்ட்’ செய்தால் முழுமையாகத் துடைக்கப்படும்.

கணக்கு ஒத்துவராதபோது

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். தாய் செம்பனைத் தோட்டத்தில் உரம் போடுகிறார், மகள் எஸ்.பி.எம். எழுத இருந்தவள். அவளுடைய கணினி பிற்பகலானால் நின்றுவிடும். கடையில் வேறு கணினிக்கு 1,500 வெள்ளி கேட்டார்கள். அந்தப் பெண்ணே பட்டியலைப் பார்த்து எழுதினாள். பட்டியலில் உள்ளவற்றைக் கூட்டினால் 1.5 ஜிபிகூட வரவில்லை, ஆனால் 3.6 ஜிபி செலவாகிவிட்டது என்றது கணினி. மீதி எங்கே?

‘பெர்ஃபார்மன்ஸ்’ என்ற பகுதியில் ‘மெமரி’யைத் திறந்தால், கீழே ‘நான்-பேஜ்டு பூல்’ என்று ஒரு கணக்கு இருக்கும். வன்பொருள்களை இயக்கும் ‘டிரைவர்’ நிரல்கள் எடுத்துக்கொள்ளும் இடம் அது. பட்டியலில் யார் பெயரிலும் வராது. வழக்கமாகச் சில நூறு எம்பிதான் இருக்கும். அவளுடைய கணினியில் அது 1.4 ஜிபியைத் தாண்டியிருந்தது. வைஃபை அட்டையின் பழைய டிரைவர்தான் காரணம். கணினி நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்திலிருந்து புதிய டிரைவரை இறக்கிப் போட்டதும் கசிவு நின்றது. செலவு ஒரு காசும் இல்லை.

செய்யத் தக்கவையும் தகாதவையும்

முதலில் விண்டோஸ் திருத்தங்களை முழுமையாக முடிக்க விடுங்கள், பாதியில் அணைக்காதீர்கள். டாஸ்க் மேனேஜரில் ‘ஸ்டார்ட்அப்’ பகுதிக்குப் போய், கணினியோடு சேர்ந்தே எழுந்துகொள்ளும் தேவையற்ற நிரல்களை நிறுத்துங்கள். காவலுக்கு வேறு நிரல்கள் இரண்டு போட்டிருந்தால் ஒன்றை நீக்குங்கள். ஒரே வாசலுக்கு இரண்டு காவல்காரர்கள் இருந்தால் ஒருவரையொருவர் சோதித்துக் கொண்டிருப்பார்கள்.

பின்னணிப் பெயர் ஒன்றின் மேல் ஐயம் வந்தால், வலப்புறப் பொத்தானால் சொடுக்கி ‘ஓபன் ஃபைல் லொகேஷன்’ என்பதைத் தொடுங்கள். உண்மையான சர்வீஸ் ஹோஸ்ட், விண்டோஸ் கோப்புறைக்குள் ‘சிஸ்டம் 32’ என்ற இடத்தில் பொதுவாகக் குடியிருக்கும். ‘டவுன்லோட்ஸ்’ போன்ற இடத்தில் இருந்தால் அது வேடதாரி. உடனே காவல் நிரலைக் கொண்டு முழுச் சோதனை போடுங்கள்.

பெயர் தெரியாத எதையும் ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்து நிறுத்தாதீர்கள். சிலவற்றை நிறுத்தினால் கணினியே விழுந்துவிடும். ரேமைச் சுத்தம் செய்வதாக விளம்பரம் செய்யும் நிரல்களை நம்பாதீர்கள். அவற்றில் பல, மேசையில் இருப்பதை அலமாரிக்குத் தள்ளிவிட்டு எண்ணைக் குறைத்துக் காட்டும். பிறகு கணினி மீண்டும் தூக்கிவர வேண்டியதுதான். காவல்காரர் இடம் பிடிக்கிறார் என்று அவரை நீக்குவதும் தவறு.

எல்லாம் பார்த்த பிறகும் கசிவு இல்லை, வேலைக்கு மேசைதான் சிறியது என்று தெரிந்தால், ரேமைக் கூட்டலாம். கூடுதல் ரேம் செருக இடம் உண்டா என்று முதலில் கேளுங்கள்; சில மடிக்கணினிகளில் ரேம் பலகையோடு ஒட்டியே இருக்கும். விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிந்துவிட்டதால், உங்கள் கணினி விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்பதையும் கேட்ட பிறகே பணம் கொடுங்கள்.

பெற்றோர்களே, இந்த வேலையைப் பிள்ளைகளிடமே விடுங்கள். எழுதிய கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகும் பிள்ளையிடம், "வேறு வாங்கு" என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது. எந்த வேலை எவ்வளவு இடம் பிடிக்கிறது, ஏன் பிடிக்கிறது என்று கேட்கப் பழகிய பிள்ளை, நாளை சம்பளச் சீட்டையும் கடன் பத்திரத்தையும் அதே கண்ணோடு பார்க்கும். அது கணினிப் பாடத்தைவிடப் பெரிய பாடம்.