தட்டின் அடிப்பக்கம்

16ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லிமோஜ் நகரில் செய்யப்பட்ட எனாமல் தட்டு ஒன்றைக் கையில் எடுக்க வாய்த்தால், கவிழ்த்துப் பார்க்கத் தவறக் கூடாது. மேலே ரோமானியத் தேவர்களோ அறுவடைக்காரர்களோ இருப்பார்கள். அடியில் கொடிகளும் முகமூடிகளும், பாதி மனிதர் பாதி விலங்கான விசித்திர உருவங்களும் மண்டியிருக்கும். தட்டின் அடியில் எதற்கு இவ்வளவு வேலை? பணக்கார ஆடம்பரம் என்று தோன்றும். அது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் இயற்பியல்.

எனாமல் என்பது சாயம் அல்ல, கண்ணாடி. நிறக் கண்ணாடியை நுணுக்கமாகப் பொடித்து, நீரில் குழைத்து, அடித்து மெலிதாக்கிய செம்பின் மேல் பூசி உலையில் வைப்பார்கள். ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸில் பொடி உருகிச் செம்பைக் கவ்விக்கொள்ளும். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். இந்த இடைவெளிக்குள்தான் மொத்தக் கலையும் நடக்கிறது.

சிக்கல், உலையை விட்டு வெளியே எடுத்த பிறகு தொடங்கும். ஆறும்போது செம்பு, சாதாரணக் கண்ணாடியைப் போல ஏறக்குறைய இரு மடங்கு சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் எனாமல் பூசியிருந்தால், செம்பு உள்வாங்க, கண்ணாடி ஈடுகொடுக்காமல் நிற்க, தகடு வில்லாக வளையும். கண்ணாடி விரிசல் விட்டுச் சில்லு சில்லாக உதிரும். இதற்கு லிமோஜ் பட்டறைகள் கையாண்ட மருந்து எளிமையானது: பின்பக்கமும் எனாமல் பூசிவிடுவது. இரண்டு பக்கமும் சம பலத்தில் இழுத்துப் பிடிக்க, தகடு நேராக நிற்கும்.

சுவரில் மாட்டும் படத் தகடுகளுக்கு இந்தப் பின்பூச்சு வெறுமையாகவே இருந்தது. லிமோஜின் எனாமல் கலைஞர்களான பெனிக்கோ குடும்பத்தார் செம்பிலேயே தங்கள் முத்திரையை அடித்து, அதன் மேல் ஒளி ஊடுருவும் எனாமலைப் பூசினார்கள். கண்ணாடிக்கு அடியில் முத்திரை இன்றும் தெரிகிறது. ஆனால் குடுவைக்கும் கிண்ணத்துக்கும் சுவர்ப் பக்கம் என்று ஒன்று கிடையாது. கால் வைத்த அகலக் கிண்ணத்தை ஒருவர் உயர்த்தினால், அவர் உட்புறப் படத்தைப் பார்ப்பார். எதிரே இருப்பவர் அடிப்புறத்தைப் பார்ப்பார். எப்படியும் பூசியாக வேண்டிய பக்கம், இன்னொரு ஓவியத்துக்கு இடமாயிற்று.

இந்தப் பாத்திரங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. முதலில் கறுப்பு எனாமலைச் சுட்டு, அதன் மேல் மெல்லிய வெள்ளையைப் பூசி, அது உருகுமுன் ஊசியால் கீறி, கறுப்பைக் கோடாக வெளிக்கொணர்வார்கள். பிறகு வேண்டிய இடங்களில் வெள்ளையை ஏற்றி ஏற்றிச் சுடுவார்கள். மெல்லிய இடம் சாம்பல், தடித்த இடம் தூய வெள்ளை. நிழலும் ஒளியும் பூச்சின் தடிமனிலிருந்தே பிறக்கின்றன. கடைசியில் தங்கக் கோடுகள். ஒவ்வொரு முறை உலைக்குள் போகும்போதும், அதுவரை செய்த வேலை முழுவதும் பணயம்.

படங்களைப் பெரும்பாலும் அச்சுப் படங்களிலிருந்து எடுத்தாண்டார்கள். ரஃபேலின் உருவங்கள் இத்தாலிய அச்சுத் தாள்களில் ஏறி லிமோஜுக்கு வந்து செம்பில் குடியேறின. எனாமல் கலைஞர் பியர் ரேமோனின் பட்டறையிலிருந்து மாதம் ஒரு தொழிலைச் சொல்லும் பன்னிரண்டு தட்டு வரிசைகள் வந்தன. 1558 முதல் 1562 வரையில் நூரம்பெர்க் வணிகர் லின்ஹார்ட் டூகருக்கு அவர் ஒரு பாத்திரத் தொகுதியே செய்து அனுப்பினார். இவற்றில் விருந்து உண்டது அரிது. அலமாரியில் அடுக்கி விருந்தாளிக்குக் காட்டுவதே வழக்கம். கண்ணாடியின் நிறம் மங்காது என்பதால் இன்றும் அவை புதிதாக மின்னுகின்றன.

அந்தப் புதுமைதான் பின்னால் வம்பாகவும் ஆனது. 19ஆம் நூற்றாண்டில் ரோத்ஸ்சைல்ட் போன்ற செல்வர்கள் தேடித் தேடி வாங்கியதும் போலிகள் பெருகின. 19ஆம் நூற்றாண்டுத் தட்டும் 16ஆம் நூற்றாண்டுத் தட்டும் கண்ணுக்கு ஒரே பளபளப்பு. இங்கே மேல், கீழ் தவிர மூன்றாவது பக்கம் ஒன்று உதவுகிறது: உள்ளே இருக்கும் தனிமங்கள். எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால், எனாமலைச் சுரண்டாமலே அவற்றை அறியலாம். நீலத்துக்குக் கோபால்ட், வெள்ளைக்கு வெள்ளீயம், ஊதாவுக்கு மாங்கனீசு, பச்சைக்குச் செம்பு என்பது பழைய கணக்கு. குரோமியம் என்ற தனிமத்தைப் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லான் கண்டுபிடித்ததோ 1797இல். மறுமலர்ச்சிக் காலக் கொடியின் இலைப் பச்சையில் குரோமியம் தென்பட்டால், அந்த இலை துளிர்த்தது அதற்குப் பிறகுதான்.