முடிதிருத்தகம் தந்த மருத்துவப் பாடம்

உயர் இரத்த அழுத்தம் ஓசையின்றி வளரும் நோய். காய்ச்சல் உடலைச் சுடுகிறது. பல்வலி உறக்கத்தைக் கெடுக்கிறது. ஆனால், இரத்தக் குழாய்களின் சுவர்மீது இயல்பை மீறிய அழுத்தம் பல்லாண்டுகள் தொடர்ந்தாலும் பெரும்பாலோர் எதையும் உணர்வதில்லை. பக்கவாதமோ மாரடைப்போ சிறுநீரகச் செயலிழப்போ நேரும்போதுதான் பலருக்கு அந்நோய் தெரியவருகிறது. 2019இல் உலகில் 30 முதல் 79 வயது வரையுள்ளோருள் ஏறத்தாழ 128 கோடிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்ததாகவும், அவர்களுள் 46 விழுக்காட்டினர் அதனை அறியாதிருந்ததாகவும் உலகச் சுகாதார நிறுவனம் கணித்தது. அறிந்துகொள்ளும் வழியோ மிக எளிது. ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்தபின், கையில் ஒரு பட்டையைச் சுற்றி அளந்தால் போதும். இவ்வளவு எளிய செயலை மனிதர் ஏன் செய்வதில்லை என்னும் வினா, மருத்துவத்தைக் கடந்து மனித நடத்தையை ஆராயும் அறிவியலுக்கு இட்டுச் செல்கிறது.

இதே வினா 1950களில் வேறொரு நோயை முன்னிட்டு அமெரிக்காவில் எழுந்தது. காசநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிய, அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை நடமாடும் எக்ஸ் கதிர் வண்டிகளைத் தெருத்தெருவாக அனுப்பியது. பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. நெடுந்தொலைவு செல்லவும் வேண்டியதில்லை. ஆயினும், எதிர்பார்த்த அளவுக்கு மக்கள் வரவில்லை. அத்துறையில் பணியாற்றிய உளவியலாளர் காட்ஃபிரே ஹாக்பாம், மூன்று நகரங்களில் 1200க்கும் மேற்பட்டோரிடம் காரணத்தைக் கேட்டறிந்தார். தமக்கும் காசநோய் வரக்கூடும் என்றும், முன்னரே கண்டறிந்தால் பயன் உண்டு என்றும் நம்பியவர்களுள் 82 விழுக்காட்டினர் தாமாகவே முன்வந்து பரிசோதனை செய்துகொண்டிருந்தனர். இவ்விரு நம்பிக்கைகளும் இல்லாதவர்களுள் அவ்வாறு செய்தோர் 21 விழுக்காட்டினரே.

ஹாக்பாமும் அவருடன் பணியாற்றிய இர்வின் ரோசன்ஸ்டாக் முதலானோரும் உருவாக்கியதே ‘உடல்நல நம்பிக்கைக் கோட்பாடு’. நோய் தன்னையும் தாக்கும் என்னும் எண்ணம், தாக்கினால் விளைவு கடுமையாக இருக்கும் என்னும் எண்ணம், செய்யப்போகும் செயலால் பயன் உண்டு என்னும் எண்ணம் ஆகியவை மனிதரை முன்னே தள்ளுகின்றன. செலவு, அலைச்சல், அச்சம் போன்ற தடைகள் பின்னே இழுக்கின்றன. முன்தள்ளும் விசை மிகுந்திருந்தாலும், செயலைத் தொடங்கிவைக்க ஒரு தூண்டுதல் வேண்டும். ஆல்பர்ட் பந்துரா என்னும் உளவியலறிஞர் 1977இல் விளக்கிய ‘தன்திறன் நம்பிக்கை’, அதாவது ‘இதை என்னால் செய்ய முடியும்’ என்னும் உறுதி, பின்னாளில் இக்கோட்பாட்டோடு இணைந்தது.

இரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை இயற்கையான தூண்டுதல் எதுவும் இல்லை என்பதே முதற்சிக்கல். வலி இல்லாததால் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்னும் எண்ணம் எளிதில் வேரூன்றுகிறது. இந்த எண்ணம் எவ்வளவு ஆழமானது என்பதை ஹோவர்ட் லெவந்தாலும் அவருடைய குழுவினரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ‘தம் இரத்த அழுத்தம் ஏறியிருப்பதை ஒருவரால் உணர முடியாது’ என்று ஒப்புக்கொண்ட நோயாளிகளுள் பெரும்பாலோர், தம்மால் மட்டும் அதை உணர முடியும் என்று நம்பினர். தமிழரின் பேச்சு வழக்கிலும் இதன் சாயலைக் காணலாம். சினம் மூட்டுபவரை நோக்கி ‘எனக்கு பி.பி.யை ஏற்றாதே’ என்கிறோம். சினம் ஏறினால் அழுத்தம் ஏறும், சினம் தணிந்தால் நோயும் தணிந்துவிடும் என்னும் கருத்து அவ்வழக்கில் ஒளிந்திருக்கிறது. சினத்தால் அழுத்தம் சிறிது நேரம் உயர்வது உண்மைதான். ஆனால், அமைதியே உருவான ஒருவருக்கும் ஆண்டுக்கணக்கில் உயர் இரத்த அழுத்தம் இருக்கக்கூடும்.

அறியாமை மட்டுமே தடை என்றால் துண்டறிக்கைகளால் அதைப் போக்கிவிடலாம். மருத்துவ வசதி எட்டாத மக்களிடையே தடைகள் வேறு வகையின. மருத்துவமனைக்குச் சென்று வரிசையில் நிற்பது நாட்கூலி பெறும் தொழிலாளிக்கு ஒரு நாள் ஊதியத்தை இழப்பதாகும். அவர் போகாதிருப்பதைச் சோம்பல் எனக் கூறுவது அறியாதார் கூற்று. அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கோ மருத்துவத்தின்மீதே அவநம்பிக்கை கொள்ள வரலாற்றுக் காரணம் இருந்தது. அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீ பகுதியில் 1932 முதல் 1972 வரை, மேகப்புண் நோயுற்ற 399 கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமலும், பென்சிலின் மருந்து கிடைத்தபின்னும் அதனை வழங்காமலும், நோயின் போக்கை மட்டும் அரசு மருத்துவர்கள் பார்த்துக்கொண்டிருந்தனர். இத்தகைய நினைவைச் சுமந்த சமூகத்தினரிடம் ‘மருத்துவரை நம்புங்கள்’ என்று சுவரொட்டி ஒட்டினால் என்ன பயன்?

ஆகவே, அம்மக்கள் ஏற்கெனவே நம்பும் இடம் எது என்று சிலர் தேடினர். கறுப்பின ஆண்களுக்கு முடிதிருத்தகம் அத்தகைய இடம். ஒரே முடிதிருத்துநரிடம் ஆண்டுக்கணக்கில் செல்வர். குடும்பச் செய்தி முதல் அரசியல் வரை அங்கே பேசுவர். மருத்துவர் ரொனால்ட் விக்டர் தலைமையில் டல்லாஸ் வட்டாரத்தின் 17 முடிதிருத்தகங்களில் ஓர் ஆய்வு நடைபெற்றது. முடிதிருத்துநர்களே அழுத்தத்தை அளந்து, மிகுந்திருந்தவர்களை மருத்துவரிடம் செல்லுமாறு வலியுறுத்தினர். அவர்களைப் போன்ற வாடிக்கையாளர்கள் நலம்பெற்ற கதைகளும் கடையில் இடம்பெற்றன. தன்னை ஒத்த ஒருவர் வெல்வதைக் காணும்போது தன்திறன் நம்பிக்கை வளரும் என்பது பந்துராவின் கருத்து. 2011இல் வெளிவந்த முடிவில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால், அது சிறிதே.

நம்பிக்கை விதைக்கப்பட்டது, தடையோ எஞ்சியிருந்தது. கடையில் அளந்துகொண்டவர் மருந்துக்காக மீண்டும் மருத்துவமனையைத்தான் நாட வேண்டியிருந்தது. இதனை உணர்ந்த விக்டர், லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் அடுத்த ஆய்வை வேறு வகையில் வடிவமைத்தார். 52 முடிதிருத்தகங்கள், 319 வாடிக்கையாளர்கள். அனைவருக்கும் சிஸ்டோலிக் அழுத்தம், அதாவது இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம், 140 அல்லது அதற்கு மேல். ஒரு பிரிவினரிடம் முடிதிருத்துநர்கள் அறிவுரை மட்டும் கூறினர். மற்றப் பிரிவினருக்குப் பயிற்சி பெற்ற மருந்தாளுநர்கள் கடைக்கே வந்து அளந்து, மருத்துவர்களுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி மருந்தையும் பரிந்துரைத்தனர்.

ஆறு மாதங்களில் அறிவுரை மட்டும் பெற்றவர்களின் சிஸ்டோலிக் அழுத்தம் சராசரியாக 9.3 மி.மீ. குறைந்தது. மருந்தாளுநரைக் கடையிலேயே சந்தித்தவர்களுக்கு அது 27 மி.மீ. குறைந்தது. 130/80 என்னும் இலக்குக்குக் கீழே வந்தவர்கள் முதற்பிரிவில் 11.7 விழுக்காட்டினர், மற்றதில் 63.6 விழுக்காட்டினர். 2018இல் வெளியான இம்முடிவுகளை, நண்பரின் சொல்லுக்கு மதிப்பில்லை என்று படித்துவிடக் கூடாது. அச்சொல்லே கையை நீட்டவைத்தது. நீட்டிய கைக்கு மருந்து எட்டும் தொலைவில் இருந்ததே வேறுபாட்டை உண்டாக்கியது. விக்டர் அவ்வாண்டிலேயே மறைந்தார்.

தெற்காசியாவில் நம்பத்தக்க இடம் பெரும்பாலும் வீட்டுத் திண்ணையே. வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய நாடுகளின் 30 சிற்றூர்ப் பகுதிகளில் 2645 பேரிடம் நடைபெற்ற ஆய்வு 2020இல் வெளியானது. அரசின் சமுதாயச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று அளந்து, உணவும் மருந்தும் பற்றிப் பேசினர். தேவைப்பட்டோரைப் பயிற்சி பெற்ற மருத்துவர்களிடம் அனுப்பினர். இரண்டு ஆண்டுகளில் அவர்களின் சிஸ்டோலிக் அழுத்தம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடச் சராசரியாக 5.2 மி.மீ. கூடுதலாகக் குறைந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் எண்ணோடு ஒப்பிட இது சிறிதாகத் தோன்றலாம். எனினும், நாடுகளில் ஏற்கெனவே உள்ள பணியாளர்களைக் கொண்டே இது நிகழ்ந்தது என்பதை மறத்தலாகாது.

தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுதேடிச் சென்று இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளக்கின்றனர். நோயுள்ளோர்க்கு மாத்திரைகளையும் கொண்டுசேர்க்கின்றனர். திட்டத்தின் பெயரே தடையை யார் கடக்க வேண்டும் என்பதை மாற்றிச் சொல்கிறது. ஆயினும், வீட்டுக்குச் செல்லும் தன்னார்வலர் பகலில் பெரும்பாலும் காண்பது முதியோரையும் பெண்களையுமே. வேலைக்குச் சென்றுவிட்ட ஆண்களின் கைக்கு அப்பட்டை எட்டுவதில்லை. அவர்களைப் பணியிடங்களிலேயே சந்தித்து அளக்கும் முயற்சி 2024இல் தொடங்கப்பட்டது.